நாற்பது பேரும் நாலு வார்த்தையும்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் சரித்திரம் இந்த நோட்டுக்குள் நடக்கும். எழுதுபவர் சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்பது, திருப்பூர் சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸின் அதிபர். அறிவிப்பாளர், டிரைவர், ஒலிபெருக்கி தூக்குபவர் எல்லாமே அந்த அதிபர்தான். ஒரு கல்யாணத்தில் "மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வரவும்" என்று நான் மைக்கில் சொன்னதற்கு, மூன்று தெரு தள்ளி இன்னொரு மண்டபத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். குரல் என்றால் அது குரல்.

நோட்டைக் கொடுத்தது தமயந்தி, என் அக்கா மகள். அக்கா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். முப்பத்து நாலு வயது. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித்தரும் சென்டர் வைத்திருக்கிறாள். மாடியில் ஒரு ஹால், ஒரு போர்டு, ஆறு பெஞ்சு. வைத்திருந்தாள் என்று எழுத வேண்டும். போன ஜூன் பன்னிரண்டாம் தேதியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

அன்று நடந்தது ஊருக்கே தெரியும். நான்தான் ஊருக்குச் சொன்னேன். ரங்கராஜு தலைமையில் நாற்பது பேர். ஒவ்வொருவன் கையிலும் வாழை மர நீளத்துக்கு வாள். அவர்கள் படி ஏறிய அதிர்ச்சியில் கீழே டீக்கடையில் பால் திரிந்துபோனது. நான் ஹாலின் நடுவில் நின்று, மேஜையை ஒற்றைக் கையால் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றினேன். பதினேழு பேரை ஜன்னல் வழியாக அனுப்பி வைத்தேன். மிச்சம் இருந்ததில் ஒருவன் என் கைக்குத் தப்பி உள்ளே புகுந்துவிட்டான்.

தமயந்திக்கு வலது தோளில் பதினெட்டுத் தையல். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வருகிற இருபதாம் தேதி கோர்ட்டில் என் சாட்சி. அவள் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது முதுகுப் பக்கமாக வந்து வெட்டியதால் அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. வெட்டியவன் வாயே திறக்கவில்லை. பார்த்த கண் உலகத்திலேயே இரண்டுதான். இரண்டும் என் முகத்தில் இருக்கின்றன.

தக்காளி வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

அரசு வக்கீல் லோகாம்பாள் அம்மா கூப்பிட்டனுப்பினார்.

"பெரியவரே, போலீஸ்ல நாற்பது பேர்னு சொல்லியிருக்கீங்க."

"கொறைச்சுத்தான் சொன்னேனுங்க."

"அந்தப் படியை நான் போய் அளந்தேன். ரெண்டரை அடி அகலம். நாற்பது பேர் வரிசையா ஏறினா கடைசி ஆள் ரயில்வே கேட்டுல நிப்பான்."

"நின்னானுங்க. பாத்தேன்."

அம்மா பேனாவை மூடி வைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமயந்தி தரையைப் பார்த்தாள்.

"எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேற எதுவும் வேண்டாம். இந்த நாற்பதை மட்டும் கையில எடுத்துக்கிட்டா போதும். ரங்கராஜு அன்னைக்கே விடுதலை. அப்புறம் எங்க போவான்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நேரே தமயந்தியிடம்தான். ரங்கராஜு ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அவன் சம்சாரம் வசுமதி, தமயந்தியிடம் எட்டு மாசம் படித்தவள். முதல் நாள் வகுப்புக்கு வந்தபோதே உதட்டில் தையல். இரண்டாம் மாசம் கை கட்டுப் போட்டிருந்தது. ஒருமுறை அயர்ன் பாக்ஸ் வைத்த தடம் கழுத்துக்குக் கீழே இருந்ததாகத் தமயந்தி சொன்னாள். எட்டாம் மாசம் வெளியூரில் ஒரு வேலைக்கு இங்கிலீஷில் பதில் சொல்லித் தேறி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். எந்த ஊர் என்று தமயந்திக்கு மட்டும் தெரியும். ரங்கராஜு மூன்று தடவை கேட்டான். அவள் மூன்று தடவையும் சொல்லவில்லை. நாலாவது தடவை அவன் கேட்கவில்லை.

ஜாமீனில் வெளியே இருக்கிறான். சட்டை இஸ்திரி போட்டு வேலைக்குப் போகிறான்.

மார்ச் 5, புதன்

தமயந்தி ஒரு திட்டத்தோடு சமையலறையில் காத்திருந்தாள்.

"உங்க தமிழுக்குக் கடிவாளம் கெடையாதுங் மாமா. இங்கிலீஷ் எவ்வளவு தெரியும்?"

"முழுசாத் தெரியும். மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

"போதும். நாலே நாலு வார்த்தை சொல்லித்தரேன். திஸ், தட், தீஸ், தோஸ். கிட்ட ஒண்ணு இருந்தா திஸ். எட்ட ஒண்ணு இருந்தா தட். கிட்ட நெறைய இருந்தா தீஸ். எட்ட நெறைய இருந்தா தோஸ். கண்ணுல படறதைக் காட்டிச் சொல்லணும். அவ்வளவுதான்."

"கோர்ட்டுல தமிழ்லதானே கேப்பாங்க, அம்மிணி?"

"தமிழ்லதான் கேப்பாங்க, தமிழ்லதான் சொல்லுவீங்க. ஆனா வாய் தொறக்கறதுக்கு முந்தி மனசுக்குள்ள இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. உங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்ல முடியாததைத் தமிழ்லயும் சொல்லக் கூடாது."

உலக வரலாற்றில் இப்படி ஒரு கொடுமை எந்த மன்னனும் எந்தக் கைதிக்கும் செய்ததில்லை. ஆயிரம் யானை கட்டிய கொட்டாரத்தை நாலு ஆட்டுக்குட்டிக்கு வாடகைக்கு விடுவது போல.

காட்டுவதற்கு அவளுக்கு விரல் இல்லை. இடது கையில் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டாள். அதன் நுனியால் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"திஸ் இஸ் அ ஸ்பூன்," என்றேன். "தட் இஸ் அ டோர்."

"நல்லாருக்கு. இது?"

"தீஸ் ஆர் தவுசண்ட் டொமேட்டோஸ்."

தோசைத் திருப்பி என் மணிக்கட்டில் விழுந்தது. சூடு இல்லை, வலித்தது.

"எத்தனைங் மாமா?"

"நாலு."

"அப்ப தீஸ் ஆர் டொமேட்டோஸ். கண்ணுல படாதது வாயில வரக் கூடாது."

மார்ச் 7, வெள்ளி

இன்று கற்றவை: திஸ் இஸ் அ ஃபேன் என்று சொல்லக் கூடாது, ஃபேன் மேலே எட்ட இருக்கிறது. தோஸ் ஆர் குரோஸ். திஸ் இஸ் மை மீசை.

டேபிள் என்ற வார்த்தை மட்டும் என் வாயில் நிற்க மறுக்கிறது. மூன்று தடவை காட்டினாள். மூன்று தடவையும் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. வெள்ளைக்காரன் செய்து வைத்துவிட்டுப் போன சதி என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அவள் ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கிப் பழகினாள். டாக்டர் சொன்ன கணக்கு தினமும் நூறு தடவை. மூன்று விரலும் பந்தும் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் நான் வேனைக் கழுவப் போனேன். வேன் சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

வேனின் முன் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. வானத்திலிருந்து ஒரு மலையைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அம்மிக்குழவி. டிரைவர் சீட்டில் அது உட்கார்ந்திருந்தது, எனக்குப் பதிலாக வண்டி ஓட்டப் போகிற மாதிரி.

பின்னால் நான்கு ஸ்பீக்கர் பெட்டியும் குத்திக் கிழிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரே குத்து. கை பழகியவன் வேலை.

தமயந்தி வந்து பார்த்தாள். "வாட் இஸ் தட்?"

"தட் இஸ் அ ஸ்டோன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் மன்னிக்கவும்.

மதியம் இரண்டு மணிக்கு நான் குடோனில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். எட்டு ராட்சதர்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவனும் பனை உயரம். என்னை ஆம்ப்ளிஃபயர் மேல் எறிந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் அழுதது, நான் அழவில்லை. நான் ஒருவனைப் பிடித்துக் கூம்பு ஒலிபெருக்கிக்குள் திணித்தேன், அவன் அந்தப் பக்கமாக வெளியே

மார்ச் 12, புதன்

மேலே உள்ளதை நிறுத்திவிட்டேன். இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

இரண்டு பேர். பனை உயரம் இல்லை, என்னை விடக் குட்டை. ஒருவன் ஷட்டரை இறக்கினான். இன்னொருவன் இரும்புக் குழாயால் என் முழங்காலில் அடித்தான். விழுந்தேன். கூம்பு ஒலிபெருக்கியை எடுத்து என் முகத்தில் கவிழ்த்து, அதன் மேல் குழாயால் அடித்தார்கள். ஐந்து தடவை. ஒவ்வொரு அடிக்கும் என் தலைக்குள் கோயில் மணி. முன்பல் ஒன்று உள்ளே விழுந்தது, துப்பினேன். வலது கையை விரித்துத் தரையில் வைத்து ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். மற்றவன் கத்தியை எடுத்து என் ஆள்காட்டி விரல் மேல் வைத்தான். வெட்டவில்லை. தோல் மட்டும் பிரிகிற அளவுக்கு அழுத்தினான்.

"இருபதாந்தேதி இதை நீட்டினே, இது இருக்காது. நாற்பது பேர்னு சொன்ன பாத்தியா, அதையே சொல்லு. அதுதான் எங்களுக்கு நல்லது."

போகும்போது ஒருவன் என் மைக்கை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "மைக் டெஸ்டிங்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வேட்டி நனைந்திருந்தது. இதை இந்த நோட்டுக்கு வெளியே யாரும் அறிய வேண்டியதில்லை.

தமயந்தி டெட்டால் போட்டுத் துடைத்தாள். இடது கையால் அவள் துடைக்க, இடது கையால் நான் பஞ்சு பிடித்துக்கொடுக்க, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வலது கை உருப்படியாக இல்லை.

"எத்தனை பேருங் மாமா?"

"ரெண்டு."

அவள் துடைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் முதல் முறையாகப் பாடத்தில் தேறிவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

"பயமா இருந்தா விட்டுரலாங் மாமா. நான் வேற ஊருக்குப் போயிக்கறேன்."

"பயமா? இந்தச் சென்னியப்பனுக்கா?" என்று எழுந்தேன். முழங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று பாடம் சென்டரில் என்றாள். ஒன்பது மாசம் கழித்துப் பூட்டைத் திறந்தாள். சாவி மூன்று தடவை தவறியது.

போர்டில் அன்றைக்கு அவள் எழுதியது அப்படியே இருக்கிறது. சாயங்கால வகுப்புக்காக எழுதிய பாடம். திஸ். தட். தீஸ். நாலாவது வார்த்தை பாதியில் நின்று, அங்கிருந்து ஒரு சாக்பீஸ் கோடு சாய்ந்து கீழே இறங்கிச் சுவரில் முடிகிறது. தரையில் கறுப்பாக ஒரு திட்டு. சிமெண்டுத் தரை குடித்துவிட்டது, தேய்த்தால் போகாது. போர்டுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. நான்கு கால், மேலே பலகை, மூன்று பக்கமும் கீழ்வரை அடைப்பு, போர்டுப் பக்கம் மட்டும் திறப்பு. அதற்கடியிலிருந்து ஒரு ஒயர் வெளியே நீண்டு கிடக்கிறது.

வாசலிலேயே நின்றேன். செருப்பு கழற்ற நேரமாகிறது என்றேன்.

"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

ஹாலின் நடுவைக் காட்டினேன். பிறகு ஜன்னலைக் காட்டினேன். பிறகு கதவை.

"மூணு எடமுங்களா?"

"சண்டைன்னா ஒரே எடத்துல நிக்க முடியுமா, கண்ணு?"

"செரிங் மாமா," என்றாள். போர்டைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் டஸ்டரைத் திரும்ப வைத்தாள். "அந்த ஒயரை இன்னும் யாரும் மாட்டலை," என்றாள். அவ்வளவுதான்.

இரவுக்கு ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மனசுக்குள் கணக்கு குறைகிறது. நாற்பது பேர் காலையில் பன்னிரண்டு ஆனார்கள். மதியம் மூன்று பேர். நாற்பதுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். சொல்லித்தர மாட்டேன் என்றாள்.

நாற்பது பேரையும் நான் நன்றாக வளர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொருவனுக்கும் மீசை, தழும்பு, சட்டை நிறம் எல்லாம் கொடுத்திருந்தேன். ஒன்பது மாசமாக என்னோடு சாப்பிட்டார்கள், என்னோடு தூங்கினார்கள். நாற்பது பேர் என்றால் ஒருவன் என்னதான் செய்ய முடியும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்கவில்லை. அது ஒரு வசதி.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் டீக்கடையில் ரங்கராஜு. எதிர் பெஞ்சில், பத்தடி தூரத்தில். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தான். பிறகு தன் தலையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டிக் காட்டினான், மறந்துபோன ஒருவனுக்கு ஞாபகப்படுத்துவது போல.

என் டீ வேட்டியில் கொட்டியது. தொடை வெந்துவிட்டது.

அந்தத் தலையாட்டல் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 19, புதன்

ஒருத்தன்.

மார்ச் 20, வியாழன்

காலை பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறும்போது முழங்கால் சத்தம் போட்டது. என் வாழ்நாளில் முதல் தடவையாக மைக் இல்லாமல் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்றேன்.

லோகாம்பாள் அம்மா ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்து எடுத்தார். தேங்காய் உரிக்கிற கொடுவாள். அவன் வீட்டுப் பின்னால் இருந்த கிணற்றில் எடுத்தது.

"இதுதானா?"

திஸ், என்று மனசுக்குள் சொன்னேன். "இதுதானுங்க." வாழை மர நீளம் இல்லை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைகூட வராது.

"வந்தது எத்தனை பேர்?"

"ஒருத்தன்."

"அவர் இங்கே இருக்காரா?"

தட் மேன். வலது கையை நீட்டினேன். விரலில் கத்தி அழுத்திய இடம் இன்னும் ஆறவில்லை, கட்டுப் போட்டிருந்தது. கட்டோடு நீட்டினேன். "அவன்."

ரங்கராஜு என் விரலைப் பார்த்தான். நான் மடக்கவில்லை.

அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நல்ல குரல். சவுண்ட் சர்வீஸுக்கு வந்திருந்தால் பிழைத்துக்கொள்வார்.

"சென்னியப்பன், போலீஸ்ல நாற்பது பேர்னு சொன்னீங்க. இங்க ஒருத்தன்ங்கறீங்க. எது பொய்?"

"அது பொய்ங்க. இது நெசம்."

"பதினேழு பேரை ஜன்னல் வழியா எறிஞ்சதாவும் சொல்லியிருக்கீங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். நானே எழுதிக்கொடுத்த நகைச்சுவை, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அதுவும் பொய்ங்க."

"ஆக நீங்க பொய் சொல்றவர். இன்னைக்கு மட்டும் எதுக்கு நாங்க நம்பணும்? அங்க நீங்க இருந்தீங்களாங்கறதே சந்தேகம். இருந்திருந்தா எங்க இருந்தீங்க? காட்டுங்க பார்ப்போம்."

எழுத்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மேஜை இருந்தது. மூன்று பக்கமும் அடைப்பு. சென்டரில் இருக்கிற அதே மாதிரி. ஒன்பது மாசமாக நான் தப்பித்து ஓடிய பொருள் கோர்ட்டுக்கே வந்து எனக்காகக் காத்திருந்தது.

தட் இஸ் அ டேபிள்.

"அந்த மாதிரி மேஜை. அதுக்கு அடியில."

சிரிப்பு நின்றது.

"ஒயர் மாட்ட அடியில போயிருந்தேனுங்க. தமயந்தி போர்டுல எழுதிட்டு இருந்தா. படியில செருப்புச் சத்தம் கேட்டுது. யாரோ படிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். மொதல்ல தோள்ல வெட்டு விழுந்துச்சு. ஈரத்துணியை உதறற மாதிரி சத்தம். அவ கத்தலை, மூச்சு மட்டும் வெளிய வந்துச்சு. கீழ விழுந்து கையால தலையை மூடினா. ரெண்டாவது வெட்டு அந்தக் கையில. விரல் என் பக்கத்துல வந்து விழுந்துச்சு. சாக்பீஸும் வந்து விழுந்துச்சு. அவன் அவளோட போனை எடுக்கக் குனிஞ்சான். அப்ப அவன் மூஞ்சியைப் பாத்தேன். இங்க இருந்து அந்தப் பேனா வரைக்குந்தான் தூரம். அவனும் என்னைப் பாத்தான். கொடுவாளை என் கண்ணுக்கு நேரா நீட்டி, இன்னொரு கை விரலை உதட்டுல வெச்சான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

இங்கிலீஷில் தேடினேன். அதற்கு வார்த்தை இல்லை. ஆனால் நடந்ததாயிற்றே. செய்தே காட்டினேன். மேலும் கீழும்.

"தலையாட்டினேனுங்க. அவன் போய்ட்டான். போனதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நான் வெளிய வரலை."

"அதாவது உங்க அக்கா மகளை வெட்டறப்ப நீங்க ஒளிஞ்சிருந்தீங்க."

"ஆமாங்க."

வக்கீல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். பிறகு ஜட்ஜ் ஐயாவைப் பார்த்தார். ஜட்ஜ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல், "வேற கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தார்.

கூண்டிலிருந்து இறங்கும்போது தமயந்தி இருந்த பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தில் அவளைத் தவிர எல்லாரையும் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

நேற்று எழுத முடியாமல் விட்டது.

கோர்ட்டு வேப்ப மரத்தடியில் நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாள்.

"விழுந்தப்ப என் மூக்குக்கண்ணாடி தெறிச்சுப் போச்சுங் மாமா. கண்ணாடி இல்லாட்டி எனக்கு எட்ட இருக்கறது ஒண்ணும் தெரியாது. கிட்ட இருக்கறது தெரியும்."

நான் தண்ணீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் குனிஞ்சப்ப முதுகுதான் என் பக்கம் இருந்துச்சு. உங்க மீசை தெரிஞ்சுது. அப்பறம் நீங்க தலையாட்டினது."

ஒன்பது மாசம். அதே வீடு, அதே அடுப்பு, அதே டெட்டால். நான் நாற்பது பேரோடு சண்டை போட்டதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும்போது, அவள் பக்கத்தில் நின்று காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலை, அம்மிணி?"

"நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொன்னாத்தான் அது சாட்சி."

"கோவமில்லையா?"

"இருக்குது," என்றாள். "நெறைய இருக்குதுங் மாமா. வண்டியை எடுங்க."

வேனுக்கு முன் கண்ணாடி இன்னும் போடவில்லை. வழியெல்லாம் புழுதி. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், புழுதியால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தீர்ப்பு. தூக்கு, ஆயுள், அந்தமான் என்றெல்லாம் எழுதக் கை துடிக்கிறது.

ஏழு வருஷம்.

போலீஸ் வண்டியில் ஏற்றும்போது ரங்கராஜு திரும்பிப் பார்த்தான். உதட்டில் விரல் வைக்க முடியவில்லை, கையில் விலங்கு. வசுமதிக்குப் போன் போட்டுத் தமயந்தி இரண்டே வார்த்தையில் சொன்னாள். பிறகும் போனை வைக்காமல் வெகு நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சென்டர் இன்று திறந்தது. பதினொரு பெண்கள் வந்தார்கள். நூற்றுப் பதினொன்று இல்லை, பதினொன்று. எண்ணினேன்.

தரைத் திட்டின் மேல் பாய் போடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். போர்டில் பாதியில் நின்ற வார்த்தையை இடது கையால் எழுதி முடித்தாள். கோணலாக வந்தது. சாய்ந்து இறங்கிய கோட்டை மட்டும் துடைத்தாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "மைக் இல்லாம பின் பெஞ்சுக்குக் கேக்காதுங் மாமா. அந்த ஒயர்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலை ஊன்றி, குனிந்து, மேஜைக்கு அடியில் போனேன். உள்ளே அதே இருட்டு. அதே பலகை வாசனை. மூலையில் ஒரு துண்டு சாக்பீஸ், ஒரு பக்கம் பழுப்பு. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். ஒயரின் நுனியைப் பல்லால் சீவினேன். முன்பல் இல்லாததால் கடைவாயில் வைத்துச் சீவினேன். ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன்.

விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த ஸ்பீக்கர் ஒருமுறை உறுமியது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது. திறப்புக்கு அந்தப் பக்கம் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. கிட்டத்தான், ஒரு முழம்.

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது, ஹால் முழுக்க, மாடிப்படி வரைக்கும், கீழே டீக்கடை வரைக்கும்.

"மாமா, வெளிய வாங்க."

வந்தேன்.